சுயம்புக்கனி சொல்லாத வாக்கியம்

ஒரு தாய் தன் மகளைப் பட்டாளத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று சொன்னாள். அனுப்புவேன் என்று சொன்னதாக நான் அதை மாற்றினேன். அவள் குரலைக்கொண்டே, அவள் முகத்தைக்கொண்டே மாற்றினேன். பிறகு அவள் என்னைத் தேடி வந்து, நான் அப்படியா சொன்னேன் என்று கேட்டபோது, ஆமாம் என்றேன்.

இதுதான் நான் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனால், நடுவில் எங்கேயாவது எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேனோ என்று பயம். வளைப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

முதல் குற்றத்துக்காவது வேலை நெருக்கடி, அதிகாரியின் அவசரம் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். இரண்டாவதற்கு... என்ன சொல்வேன்? அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். கேள்வி நேரானது. பதிலும் எனக்குத் தெரியும்.

என் பெயர் எஸ்தர். பாளையங்கோட்டையில் சமாதானபுரம் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். இணையதளங்கள் செய்து கொடுப்போம். தொட்டால் படமும் குரலும் விரியும் பெரிய திரைகள் செய்து கொடுப்போம். வாடிக்கையாளர்கள் எல்லாம் அரசு அலுவலகங்கள்தாம். குடிநீர் வராவிட்டால் புகார் எழுதும் பக்கம், அணைகளின் நீர்மட்டம் காட்டும் பக்கம், உவரிப் பக்கத்து மீனவர்களுக்குப் புயல் நேரத்தில் செய்ய வேண்டியதைப் படம் போட்டுச் சொல்லும் செயலி என்று காலம் போய்க்கொண்டிருந்தது. பெரும்பாலும், மேலே இருக்கும் தலைவர் படத்தை இன்னும் பெரிதாக்குங்கள் என்பதுதான் எங்களுக்கு வரும் திருத்தம்.

என்னோடு ஷாகுல் என்ற இளைஞர் வேலை பார்த்தார். மேலப்பாளையத்துக்காரர். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவர் பொறுப்பு. என்னை அக்கா என்பார். நான் சொன்னதற்கு மறுத்துப் பேசியவர் இல்லை, ஒரே ஒரு விஷயத்தில் தவிர.

அந்த வேலை பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் யாரையும் ஏமாற்றச் சொல்லவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போய் உயிரைக் கொடுத்தவர்களுக்கு ஒரு நினைவுக்கூடம் கட்டியிருந்தார்கள். இருட்டான கூடம், சுவர் அளவுக்குத் திரை, அதில் வரிசையாக முகங்கள். ஒரு முகத்தைத் தொட்டால் அவருடைய ஊர், படிப்பு, பணி செய்த இடங்கள் எல்லாம் விரிய வேண்டும். கடைசியில் அவர் வீட்டார் ஒருவர் பேச வேண்டும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுவார்கள்.

எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு அது எட்டாக்கனி. சென்னையிலிருந்து பெரிய நிறுவனங்கள் போட்டிக்கு வந்திருந்தன. எப்படியோ எங்களுக்குக் கிடைத்தது. இது நன்றாக அமைந்தால் இன்னும் இரண்டு ஊர்களில் இதே போலக் கூடங்கள் வரும் என்றார்கள். நான் தூக்கம் கெட்டு வேலை செய்தேன். அதில் பொய் இல்லை.

சுயம்புக்கனியை அப்படித்தான் பார்க்கப் போனோம். அவள் உண்மைப் பெயர் அதுவன்று. அந்தப் பக்கத்துப் பெயராக ஒன்றை வைத்திருக்கிறேன். மகளின் பெயரும் ஊரும்கூட மாற்றியவைதாம். சாத்தான்குளம் தாண்டி, தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஒரு சிற்றூர். கணவர் பட்டாளத்தில் ஹவில்தார். வடக்கே பனிமலையில் சரிவில் சிக்கி இறந்தவர். ஒரே மகள், இசக்கிப்பிரியா. நாங்கள் போனபோது அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

சுயம்புக்கனி மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஓய்வூதியம் வருகிறதே, ஏன் இன்னும் பீடி சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "கை சும்மா இருந்தா மனசு எங்கயாவது போயிருதும்மா" என்றாள். தட்டை எடுத்து வைத்துவிட்டு முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். அவள் சேலைத் தலைப்பில் ஒலிவாங்கியைக் குத்தியது நான்தான். ஆண் பிள்ளை கை படவேண்டாம் என்று ஷாகுல் தள்ளி நின்றார்.

அவள் அழாமல் பேசினாள். கணவர் விடுப்பில் வந்தால் சப்பாத்தியைக் கண்ணால் பார்க்க மாட்டார், சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தால் போதும் என்றாள். கடைசியாகப் போனில் பேசியபோது, "பிள்ளைய நல்லாப் பாத்துக்கோ, நான் மாசிக்கு வந்துருதேன்" என்றாராம். பெட்டி வந்தபோது திறந்து காட்டவில்லையாம். "முகத்தப் பாக்கலையேம்மா. அதனால ஒரு ஓரத்துல, வந்துருவாவன்னு இன்னும் நெனப்பு இருக்கு."

மகளைப் பற்றிக் கேட்டேன். நன்றாக ஓடுவாளாம். மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருக்கிறாளாம். "பெருமயாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு, என் கேள்விகளில் கடைசியாக இருந்ததைக் கேட்டேன். மகளும் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டால்?

அவள் ஒளிப்பதிவுக் கருவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னாள்.

"எம் மவளையும் பட்டாளத்துக்கு அனுப்புவேன்னு மட்டும் யாரும் நெனைக்காதீய. ஒரு ஆளக் குடுத்தாச்சு. போதும்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. தெளிவாகச் சொன்னாள். கூட்டவோ குறைக்கவோ அதில் ஒன்றும் இல்லை.

கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எல்லாவற்றையும் அதிகாரியிடம் போட்டுக் காட்டினோம். அவர் நல்ல மனிதர். முழுவதும் பொறுமையாகப் பார்த்தார். சுயம்புக்கனியின் பகுதி முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்... இந்த அம்மாவின் துயரத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு வெளியே போவார்கள், முடிவு கொஞ்சம் நிமிர்ந்து இருக்க வேண்டாமா, வேறு ஏதாவது பேசியிருக்கிறாரா பாருங்கள்.

கவனியுங்கள், வேறு ஏதாவது பேசியிருக்கிறாரா என்றுதான் கேட்டார். கருவாட்டுக் குழம்போடு முடித்திருக்கலாம். மாசிக்கு வருகிறேன் என்றதோடு முடித்திருக்கலாம். அல்லது, இதுதான் அவர் சொன்னது, இது இல்லாமல் அவர் பகுதியே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

நான் அலுவலகத்துக்கு வந்து அந்த ஒலியை மறுபடி மறுபடி கேட்டேன். 'அனுப்புவேன்னு' என்ற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. மூச்சு விடும் அளவுக்கு. அங்கே வெட்டினால் 'அனுப்புவேன்' என்று நின்றுவிடும் என்று கண்டேன்.

ஷாகுலைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, அந்தம்மா இதச் சொல்லலியே."

"சின்ன வெட்டுதான் ஷாகுல். எல்லாரும் செய்யுததுதான்."

"நீளத்தக் குறைக்கதுக்கு வெட்டுவோம். இது அப்படி இல்லல்லா?" நாற்காலியிலிருந்து எழுந்து சொன்னார்: "எனக்குக் கை வரல அக்கா. நீங்களே பாத்துக்கிடுங்க."

அவர் தொழுகைக்குப் போய்விட்டார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வெட்டினேன். ஆனால் குரல் மேலே ஏறி நின்றது. இன்னும் ஏதோ சொல்ல வருகிறவளின் குரல் அது. கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும். அதற்கும் வழி உண்டு. மென்பொருளில் அந்தக் கடைசி அசையை மட்டும் பிடித்துக் கீழே இறக்கினேன். முடிவெடுத்துவிட்ட ஒருத்தியின் குரலாக அது இறங்கியது. அதற்குப் பின்னால், மகளின் ஓட்டப் பரிசைப் பற்றிச் சொன்ன 'பெருமயாத்தான் இருக்கு' என்பதைக் கொண்டுவந்து ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் உதடு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கணவரின் பதக்கத்தைப் பிடித்திருக்கும் அவள் கைகளை அங்கே காட்டினேன். பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு இசை.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று... அந்த நேரத்தில் சுயம்புக்கனியை நான் நினைக்கவே இல்லை. என் கைத்திறனை நினைத்துத்தான் கலங்கினேன்.

அதிகாரியும் பார்த்தார். "இவர் இப்படியும் பேசியிருந்தாரா" என்று கேட்டார். ஆமாம், பதிவில் இருந்தது என்றேன். அவர் எழுந்து நின்று கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறப்பு விழாவுக்குச் சுயம்புக்கனி வந்திருந்தாள். பூங்கொத்து, வாத்திய முழக்கம், கூட்டம். விருந்தினர்கள் திரையைச் சுற்றி நின்றார்கள். அவள் பின்னால் நின்றாள். கணவர் முகம் பெரிதாகத் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தச் சத்தத்தில் தன் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நான் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு மற்ற இரண்டு கூடங்களும் எங்களுக்குக் கிடைத்தன. வேறு வேலைகளும் வந்தன. நான் அதை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

இசக்கிப்பிரியா கல்லூரியில் சேர்ந்து, தேசிய மாணவர் படையோடு அந்தக் கூடத்துக்கு வந்திருக்கிறாள். தன் அப்பாவின் முகத்தைத் தொட்டிருக்கிறாள். திரையில் அம்மா பேசியிருக்கிறாள்.

அவளுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறக்கவே அம்மா விட்டதில்லை. இப்போது அவள் கேட்டது என்ன? ஊர் உலகம் பார்க்க, இவ்வளவு பேர் நடுவில், 'எம் மவளையும் பட்டாளத்துக்கு அனுப்புவேன், பெருமயாத்தான் இருக்கு' என்று தன் தாய் சொல்கிறாள்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று தாய் சத்தியம் செய்தாள். மகள் தன் போனில் எடுத்து வந்ததைப் போட்டுக் காட்டினாள். தாய் போனை வாங்கித் திரும்பப் போட்டுக் கேட்டாள். மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், பல நாள் பேச்சில்லாமல்.

இதெல்லாம் சுயம்புக்கனி என் அலுவலகத்துக்கு வந்தபோது அவளே சொன்னது. சாத்தான்குளத்திலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தாள். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் பனையோலைக் கொட்டான் நிறையச் சில்லுக்கருப்பட்டி. எனக்காக.

"நான் ஒங்களக் கொற சொல்ல வரலம்மா" என்றுதான் ஆரம்பித்தாள். "பிள்ள எங்கிட்ட முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா. கேமராவுக்கு முன்னால ஒண்ணு, வீட்டுல ஒண்ணான்னு கேக்கா. அவளுக்கு இன்னும் பதினெட்டு தெகையல. நான் கையெழுத்துப் போட்டாத்தான் சேர முடியும். போடமாட்டேன்னு இருக்கேன். ஆனா எனக்கே இப்பம் ஒரு இது... அன்னைக்கு நீங்கதான பக்கத்துல இருந்தீய. சொல்லுங்க. நான் அப்பிடியா சொன்னேன்?"

ஷாகுல் உள் அறையில் இருந்தார். அவர் விரல்கள் விசைப்பலகையில் நின்றுபோனதை நான் உணர்ந்தேன்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ஒரு கணத்தில் என் புத்தி ஓடிய வேகம் இருக்கிறதே... அந்த அலுவலகத்தில் தெரிந்துபோகும். மூன்று கூடங்களும் போகும். மற்ற அலுவலகங்களுக்கும் செய்தி போகும். என் முகத்தில் யார் விழிப்பார்கள்? எல்லாம் என்னைப் பற்றியே. எதிரே இருந்தவளைப் பற்றி ஒன்றும் இல்லை.

"ஆமாக்கா" என்றேன். "அன்னைக்கு நீங்க ரொம்ப மனசு உருகிப் பேசுனீங்க. எல்லாம் ஞாபகத்துல இருக்காது."

"இருக்காதோ?"

"இருக்காதுக்கா. துக்கத்துல பேசுறதெல்லாம் அப்படித்தான்."

ஒரு தரம் பார்க்கட்டுமா என்றாள். நான் வெட்டி ஒட்டியதைப் போட்டுக் காட்டினேன். அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். தன் சிரிப்பு வந்த இடத்தில் திரையை விரலால் தொட்டாள்.

"எம் மொகந்தான். எங் கொரலுதான்" என்றாள். "அப்பம் சொல்லித்தான் இருக்கேன்."

எழுந்தாள். "வேலக் கெடுத்துட்டேன், தப்பா நெனைக்காதீய" என்று என்னிடம்... என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

உள் அறையிலிருந்து ஷாகுல் வெளியே வந்தார். கருப்பட்டியை நான் நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பெண் தேர்வானாள். அவள் ஓட்டத்துக்கு அது பெரிய காரியம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் இசக்கிப்பிரியா என்னைப் பார்க்க வந்தாள். ஒல்லியாக, நெட்டையாக, கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அம்மா எங்கிட்ட ஒரு நாளும் அதச் சொன்னதில்லக்கா. அம்ம வாயில இருந்து அத வர வச்சது நீங்கதான்" என்றாள்.

நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். நான் அவள் தலையில் கைவைத்து ஜெபம் செய்தேன். கேளுங்கள்... அந்தக் கையை வைத்தே செய்தேன்.

பிறகு ஒரு நாள் ஷாகுல் தன் போனை எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். சாத்தான்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூட விழா. மேடையில் சுயம்புக்கனிக்குச் சால்வை போர்த்துகிறார்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுக்கிறார்கள். அவள் தயங்கி, பிறகு சொல்கிறாள், "எம் மவளையும் பட்டாளத்துக்கு அனுப்புவேன்னு சொன்னேன். அனுப்பிட்டேன்."

அந்த 'அனுப்புவேன்' கீழே இறங்கியது. மென்பொருளில் நான் இறக்கிய அதே அளவுக்கு. தன் குரலை அவள் அந்தத் திரையிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாள்.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஷாகுல் கேட்டார், "இப்பமாவது சொல்லலாம்லா அக்கா?" சொல்லலாம் என்றேன். சொல்லவில்லை.

போன பங்குனியில் அந்த அலுவலகத்திலிருந்து மறுபடி அழைத்தார்கள். அதிகாரி மாறிவிட்டார். புதியவர், கூடத்தில் ஒரு பகுதியைச் சேர்க்க விரும்பினார். கணவனையும் கொடுத்து, மகளையும் அனுப்பிய தாய். அவளிடம் மறுபடி ஒரு பேட்டி. ஷாகுலை அனுப்பப் பார்த்தேன். "நான் வரலக்கா. நீங்க போங்க" என்றார். கருவியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

வெயில் கொதித்தது. தேரி மணல் காற்றில் பறந்து வாசல் வரை படிந்திருந்தது. சுவரில் கணவர் படத்துக்குப் பக்கத்தில் மகளின் சீருடைப் படம். சுயம்புக்கனி புதுச்சேலை உடுத்தித் தயாராக இருந்தாள். மெலிந்திருந்தாள். பீடித் தட்டு கண்ணில் படவில்லை. மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஒலிவாங்கியைக் குத்தினேன். கருவியை இன்னும் ஓட விடவில்லை. அவள் கேட்டாள்.

"அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லட்டுமாம்மா? எனக்கு அது மனப்பாடம் ஆயிட்டு."

என் கை கருவியின் மேல் இருந்தது. எடுத்துவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது, குரலை இறக்கியது, பரிசைப் பற்றிச் சொன்னதைக் கொண்டுவந்து ஒட்டியது. அவள் வந்து கேட்ட அன்றைக்குத் தெரிந்தே பொய் சொன்னது.

அவள் என்னைத் திட்டவில்லை.

"பழசு இருக்கா?"

மடிக்கணினியில் இருந்தது. போட்டேன். 'ஒரு ஆளக் குடுத்தாச்சு. போதும்.' அது முடிந்ததும், "இன்னொரு மட்டம்" என்றாள். போட்டேன்.

"அப்பம் எனக்குக் கிறுக்குப் புடிக்கல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் பைய, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒங்க ஆபிஸுல இருந்து வந்த அன்னையிலேருந்து நான் எதையும் நம்புததில்லம்மா. நம்ம வாய் சொன்னது நமக்கே தெரியலியேன்னு. அடுப்ப அணைச்சேனான்னு திரும்பத் திரும்ப வந்து பாப்பேன். கதவப் பூட்டிட்டுப் பாதி வழியில திரும்பி வருவேன். அதுகூடப் போட்டும். மாசிக்கு வந்துருதேன்னு அவிய சொன்னாவள்லா... அத நெசமாவே சொன்னாவளா, நானா நெனச்சுக்கிட்டனான்னு ஆயிட்டு. எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதையும் நம்ப முடியாம ஆயிட்டு."

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. நான் செய்தது ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அது அந்த வீட்டுக்குள் புகுந்து, அடுப்பு வரைக்கும், இறந்த மனிதனின் கடைசிப் பேச்சு வரைக்கும் போயிருக்கிறது. யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அன்னைக்கு நான் அம்புட்டுத் தூரம் வந்து கேட்டேன்லா?" என்றாள்.

அது கேள்வி இல்லை. ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

பிறகு, செய்ய வேண்டியதைச் செய்கிறேன் என்று வேகவேகமாகச் சொல்லத் தொடங்கினேன். அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திரையிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். இசக்கிப்பிரியாவுக்கு நானே எழுதுகிறேன், நானே பேசுகிறேன்...

"அவகிட்டயா?"

அவள் குரல் முதன்முறையாக உயர்ந்தது.

"அவ எங்கன நிக்கான்னு தெரியுமா ஒங்களுக்கு? எனக்கே தெரியாது. குளிருன்னு மட்டும் சொல்லுதா. ராத்திரி அங்கன ஒத்தையில நிக்கும்போது அவளுக்கு என்ன இருக்கு? எங்கம்மதான் என்ன அனுப்புனாங்குத ஒண்ணுதான் இருக்கு. போன் பண்ணும்போதெல்லாம் அதத்தான் சொல்லுதா. அதையும் புடுங்கிருவீயளா?"

நான் மடிக்கணினியை மூடினேன்.

"இது ஒங்களோட என்னோட இருக்கட்டும்" என்றாள். சேலையைச் சரி செய்தாள். "கேமராவப் போடுங்க."

"வேண்டாம்க்கா."

"போடுங்கம்மா. வந்துட்டு எடுக்காமப் போனா ஊருல கேப்பாவ. ஒரு வாய்லேருந்து இன்னொரு வாய்க்குப் போயி அவ காதுக்கும் போயிரும்."

ஓட விட்டேன். அவள் கருவியைப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சொன்னாள். எம் மவளையும் பட்டாளத்துக்கு அனுப்புவேன்னு சொன்னேன், அனுப்பிட்டேன், பெருமயாத்தான் இருக்கு. எங்கேயும் தட்டவில்லை. வெட்டவும் ஒட்டவும் அதில் ஒன்றும் இல்லை. அதுவரை அது அவள் நம்பிய பொய். இனி, பொய் என்று தெரிந்தே சொல்ல வேண்டியது. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தவளும் நான்தான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று யார் சொன்னார்கள்? என்னிடமிருந்து ஒரு துளியும் இறங்கவில்லை. அவள் தோளில் புதிதாக ஒன்று ஏறியது.

கருவியை நிறுத்திய பிறகு அவள் கேட்டாள், அந்தப் பழையதைத் தன் போனில் ஏற்றிக் கொடுக்க முடியுமா என்று. "எனக்கு மட்டும். யாருக்கும் போட மாட்டேன்." ஏற்றிக் கொடுத்தேன். என்னிடம் இருந்ததை அழிக்கச் சொன்னாள். அவள் கண்ணெதிரே அழித்தேன். ஊர் திரும்பி, அலுவலகத்தில் இருந்த மற்றொன்றையும் அழித்தேன். மகளைப் பெற்றவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பது இப்போது அவள் போனில் மட்டும் இருக்கிறது.

புதிய பகுதி கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய அதிகாரிக்குப் பிடித்திருந்தது. ஷாகுல் ஷார்ஜாவுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது, சொன்னீங்களா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். என்ன சொன்னாங்க என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, மன்னிச்சிருங்கக்கா என்றேன். அவள் என் கையிலிருந்த கருவிப் பையை வாங்கி வண்டியில் வைத்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது பொறவும்மா" என்றாள்.

எப்போதாவது போன் செய்கிறேன். எடுக்கிறாள். பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டால், இருக்கிறாள் என்கிறாள். மழை பெய்ததா என்று கேட்டால், பெய்யவில்லை என்கிறாள். பிறகு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். நான் காத்திருப்பேன்... அவள், "வச்சிருதேன்" என்று வைத்துவிடுவாள்.

அந்தப் பொறவு இன்னும் வரவில்லை. எப்போது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.